தனித்தாள்

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உடனே எழுது. படித்துக்காட்ட அவளும், கேட்க நானும் காத்திருக்கிறோம்.

நீ கிளம்பிப் போன மறுநாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கண்தான் போயிற்று, விரல் போகவில்லை. காலமெல்லாம் கோர்ட்டில் டைப் அடித்த விரல், எந்த எழுத்து எங்கே என்று யாரையும் கேட்காது. நீ அதில் ஏற்றிவிட்டுப் போன லினக்ஸும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறது. கடிதத்தை அடித்தேன், நீ சொன்ன கட்டளையைக் கொடுத்தேன், பிரிண்டர் உறுமியது. தாளை எடுத்துப் பெருமையாக உன் அம்மாவிடம் நீட்டினேன்.

"என்ன, நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு. மாடிப்படி மாதிரி."

முதல் வரி ஒழுங்காம். இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்குகிறதாம். மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். அதற்குப் பிறகு தாளை விட்டே இறங்கிப் போய்விட்டதாம். நீ இருந்தபோது இங்கிலீஷில் அடித்துப் பார்த்தோமே, அப்போது சரியாகத்தானே வந்தது? தமிழ் என்றால் மட்டும் ஏன் படி இறங்குகிறது?

ஆகவே இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் அம்மா கையால் எழுதுகிறாள். அதிலும் பாதியை விட்டுவிடுகிறாள். "இதெல்லாம் எதுக்கு, பிள்ளைக்கு வேற வேலை இல்லையா?" என்கிறாள். எனக்குச் சீக்கிரம் என் கடிதம் என் கையில் வேண்டும். கீழே மருந்துக்கடை ஃபோனில் பேசலாம் என்றால், மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாம் நம் குடும்பத்தைத் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

இன்னொன்று. நடுவில் புதுத் தாள் தொடங்குவது எப்படி? கோர்ட்டில் ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தாள் எடுத்துப் பழகிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கும், பாதியை விட்டுவிட்டு எழுதும் அம்மாவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது. அம்மா, நான் வந்தபோதே நீ இளைத்திருந்தாய். இப்போது எப்படி இருக்கிறாய்? "எனக்கென்ன" என்று எழுதினால் கெட்ட கோபம் வரும்.

அப்பா, உங்கள் மாடிப்படிக்குக் காரணம் உங்களுக்கே தெரியும். டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளுவீர்களே, அது இரண்டு வேலை செய்கிறது. தாளை ஒரு வரி மேலே ஏற்றும், வண்டியை ஓரத்துக்கும் கொண்டுவரும். லினக்ஸ் "அடுத்த வரி" என்று மட்டும்தான் சொல்லும். ஓரத்துக்குத் திரும்பு என்று பிரிண்டருக்கு வேறொருவர் சொல்ல வேண்டும். அந்த வேறொருவருக்குப் பெயர் ஃபில்டர். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இவர் சொல்வதை அவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இங்கிலீஷுக்குப் பழைய ஃபில்டர் இருந்தது. தமிழுக்கு நான் அவசரத்தில் போட்டது அரைகுறை.

சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். இத்துடன் உள்ள ஃப்ளாப்பியில் இருக்கிறது. இங்கே அந்த மாதிரிப் பழைய பிரிண்டர் இல்லை, அதனால் ஓட்டிப் பார்க்காமல்தான் அனுப்புகிறேன். வேலை செய்யாவிட்டால் திட்டிக் கடிதம் போடுங்கள்.

அம்மா, பின்னால் இருக்கும் தாளில் கட்டளைகளை எழுதியிருக்கிறேன். எழுத்தெழுத்தாகப் படி. "ஏதோ ஒரு கோடு" என்று சொல்லாதே. நெட்டாக இருப்பது வேறு, சாய்ந்திருப்பது வேறு. இடைவெளி இருந்தால் "இடைவெளி" என்று வாய்விட்டுச் சொல்.

புதுத் தாளுக்குக் கன்ட்ரோலையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள் அப்பா.

உங்கள் வாயாடி


மார்ச் 12

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு ஆசை இல்லை.

படி போய்விட்டது! இந்தக் கடிதம் நானே அடித்தது. வரிகள் கயிறு பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன என்று உன் அம்மா சான்று கொடுத்துவிட்டாள். ஃபில்டரை ஏற்றுவதற்குள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. சாய்ந்த கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டேன். "உங்க பக்கம்" என்றாள். எனக்குப் பின்னால் நின்று சொல்கிறாளா முன்னால் நின்று சொல்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்று மத்தியானம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம்.

உன் அம்மாவுக்கு வயிற்றில் லேசான புண். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

நீ முகவரி ஒட்டிக்கொடுத்த உறைகள் நிறைய இருக்கின்றன. இனி நானே அடித்து, நானே மடித்து, நானே கீழே இறங்கிப் பெட்டியில் போடுவேன்.

அன்புடன்
அப்பா

தனித்தாள். உனக்கு மட்டும்.

வாயாடி, மேலே எழுதியது பொய். உன் அம்மா வெளியே போன நேரம் பார்த்து இதை அடிக்கிறேன்.

புண் இல்லை, கட்டி. அவள் புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இப்போதே அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாளாம். தள்ளிப்போடக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அவளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உன் பெரியம்மா நடந்து உள்ளே போய் நடந்து வெளியே வராததை அவள் மறக்கவில்லை. நான் சொன்னால் நடக்காது. நீ வந்து கையைப் பிடித்து இழுத்தால் வருவாள்.

இதற்கு நீ பதில் எழுத முடியாது, உன் கடிதத்தைப் படிப்பவளே அவள்தான். அதனால் நீ வருவதாக இருந்தால், புதுக் குடை வாங்கினேன் என்று எங்கேயாவது ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது.


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் சுகம். அம்மாவின் வயிற்றுப் புண் ஆறிவிட்டதா? காரம் சேர்க்காதே. "ஒரு நாளைக்குத்தானே" என்பாய், ஒவ்வொரு நாளும் அதையே சொல்வாய்.

அப்பா, உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். கண் தெரியாதவர் அடித்தது என்று ஒருவரும் நம்பவில்லை. வரி நேராக வந்ததில் உங்களைவிட எனக்குத்தான் கர்வம்.

இங்கே வேலை கழுத்துக்கு மேல். புது மேலாளர் சிரித்துக்கொண்டே லீவை மறுக்கிறார். இந்த வருஷம் வர முடியாது போலிருக்கிறது. வருஷக் கடைசியில் பார்க்கலாம். என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறேன், உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

நிறைய எழுதுங்கள் அப்பா.

வாயாடி


ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ நலமாக இரு.

உன் கடிதம் வந்தது. நீ புதுக் குடை வாங்கிய விஷயத்தை உன் அம்மா படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. என்ன நிறம், எந்தக் கடையில் வாங்கினாய் என்றெல்லாம் எழுதவில்லையே? அந்தக் குடையைப் பற்றி விவரமாக ஒரு கடிதம் போடு. எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறாயோ அவ்வளவு நல்லது.

அப்பா


மே 14

அன்புள்ள அப்பா,

நலமா? உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எந்தக் குடை? நான் குடை எதுவும் வாங்கவில்லை, அப்படி எழுதவும் இல்லை. இந்த ஊரில் மழையே இல்லை.

அம்மா, நீ என்ன படித்துக் காட்டினாய்? விளையாடினாயா? இல்லை, அப்பாவுக்கு மறதி வருகிறதா? எனக்குக் கவலையாக இருக்கிறது. யாராவது ஒருவர் உடனே பதில் போடுங்கள்.

வாயாடி


ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் இல்லை. தபால் வந்ததா என்று தினமும் கேட்கிறேன். உன் அம்மா தினமும் இல்லை என்கிறாள். உடம்புக்கு ஏதாவதா? குடையைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

உன் அம்மா இப்போது கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறாள். தட்டில் கரண்டி படுகிற சத்தம் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

அப்பா


ஜூன் 19

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்கக்கூட இன்றைக்கு வாய் வரவில்லை. உங்கப்பா தூங்குகிறார். மருந்துக்கடைக்காரர் இதைத் தபாலில் சேர்த்துவிடுவார். பதிலை அவர் கடை முகவரிக்குப் போடு.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. முதலில் அதைப் படி. மார்ச் மாதம் உங்கப்பா உனக்கு அடித்தது. அது உன்னிடம் வரவில்லை, என்னிடம் வந்தது.

உன் பிரிண்டர் கடைசித் தாளை மட்டும் வெளியே விடுவதில்லை. வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு விளக்கை மினுக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் தாள் வரும். நீ ஃப்ளாப்பி அனுப்பியதிலிருந்து அப்படித்தான். நான் அழுத்திவிடுவேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று உங்கப்பாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வெளியே போய் வந்தபோது அவர் கடிதத்தைப் பெட்டியில் போடக் கீழே இறங்கியிருந்தார். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, அழுத்தினேன். அவர் எழுதிய சாதாரணக் கடிதம் இரண்டாவது தாளுக்குக் கொஞ்சம் வழிந்திருக்க வேண்டும். கையில் இரண்டு தாள் இருந்ததால் ரகசியமும் அதில் இருக்கிறது என்று நினைத்து மடித்துவிட்டார் பாவம்.

படித்ததும் குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன். பாத்திரம் எதுவும் இல்லை, சும்மா திறந்துவிட்டேன்.

உன் ஏப்ரல் கடிதம் வந்தது. படித்தேன். முடித்ததும் அவர், "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலையா?" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். "இருங்க, ஓரத்துல ஒரு வரி இருக்கு. புதுக் குடை வாங்கியிருக்காளாம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவருக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழுக்க நிஜம் இல்லை. எனக்குக் கத்தி என்றால் பயம். நீ வருகிறாய் என்று நம்பிவிட்டால் அவர் பேசாமல் இருப்பார். நீ வராவிட்டால் யாரும் என்னை இழுத்துக்கொண்டு போக மாட்டார்கள். அவர் வாயையும் அடைத்தேன், உன் காலையும் கட்டினேன். "எந்தக் குடை" என்று நீ கேட்ட கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டு, தபால் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வலி நான் சொல்வதைக் கேட்பதில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நீ வா. வருவதற்கு முன்னால் குடை வாங்கியதாக அவருக்கு நிஜமாகவே ஒரு கடிதம் போட்டுவிடு. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். என்னிடம் மறைப்பது ஒன்றுதான் அவர் எனக்காகச் செய்துகொண்டிருப்பது.

அம்மா


ஜூலை 1

அம்மா,

உன் கடிதம் கிடைத்ததும் மருந்துக்கடைக்கு ஃபோன் செய்தேன். நீ வந்தாய், "ம்", "ம்" என்றாய். பின்னால் அப்பா இருமுவது கேட்டது. என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன், கடைக்காரர் உன் கையில் மட்டும் கொடுக்கட்டும்.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதினால் இந்தத் தாள் போதாது. மார்ச் மாதம், அம்மா! நான் குழாயைப் பார்த்துக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். காரம் சாப்பிடாதே என்று உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை வெளியாள் ஆக்கிவிட்டீர்கள்.

ஆனால் அந்தத் தாளை உள்ளே நிறுத்திவைத்தது நான். ஃபில்டரின் முடிவில் "தாளை வெளியே தள்ளு" என்று ஒரு வரி இருக்க வேண்டும். யாரும் மறக்காத வரி அது. நான் மறந்தேன். ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சரிசெய்த ஃப்ளாப்பியை அனுப்புகிறேன், ஆனால் அதைப் போட நீ தெம்பாக இருக்க வேண்டும்.

குடைக் கடிதம் நான் எழுத மாட்டேன். அப்பாவிடம் நீயே சொல். இன்றைக்கே சொல். சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள். பயமாக இருந்தால் அப்பா கையைப் பிடித்துக்கொள். மேலாளரிடம் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் இந்த மாதக் கடைசியில்தான் கிடைத்தது.

உன் மேல் கோபமாகவே இருக்கிறேன். அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

வாயாடி


ஜூலை 13

அன்புள்ள வாயாடிக்கு,

நலம் என்று எழுதிப் பழகிய விரல் இன்று நின்றுவிட்டது. நீ பத்திரமாக இரு, பத்திரமாக வந்து சேர்.

உன் கடிதம் மருந்துக்கடைக்கு வந்த அன்று சாயங்காலம் உன் அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "உங்க தனித்தாள் என்கிட்டத்தான் வந்துச்சு" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலிலிருந்து. குடை வரியைக் கேட்ட நிமிஷத்திலிருந்து. வாழ்நாள் முழுக்கப் பிறர் சொல்லக் கேட்டு டைப் அடித்தவன் நான். எதிரே இருப்பவர் தாளைப் பார்த்துப் படிக்கிறாரா, மனதிலிருந்து இட்டுக்கட்டுகிறாரா என்பது குரலிலேயே தெரிந்துவிடும். படிக்கும்போது உன் அம்மா வரி முடிவில் மூச்சு விடுவாள். குடைக்கு மூச்சு விடவில்லை. குடை என்ற சொல் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் என் தாள் அவளிடம் இருக்கிறது. அவளிடம் இருக்கிறது என்றால் உனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது.

அன்றைக்கே கீழே இறங்கி உனக்கு ஃபோன் செய்திருக்கலாம். கடையில் பத்துப் பேர் கேட்டால்தான் என்ன? செய்யவில்லை. கோர்ட்டுப் புத்தி குறுக்கே வந்தது. சாட்சியை நாம் மடக்கக் கூடாது, அவராகச் சொல்லும்படி விட வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் உனக்குக் குடையைப் பற்றி எழுதினேன். "எந்தக் குடை" என்று நீ கேட்பாய், அதைப் படிக்க நேர்ந்தால் அவள் வாய்திறப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவள் உன் கடிதத்தையே ஒளித்துவிட்டாள். நான் இன்னும் ஒரு கடிதம் போட்டேன், இன்னும் காத்திருந்தேன். அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே போகும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாளா, நான் அவள் கையையா என்று தெரியவில்லை. பரிசோதனை எல்லாம் முடிந்து இன்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். கட்டி பரவிவிட்டதாம். அறுத்துப் பயனில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் பெரிய டாக்டர். மார்ச்சில் வந்திருந்தால் என்று தொடங்கினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நீ உன் ஃபில்டரைக் குற்றம் சொல்லாதே. தாள் உன்னிடம் வரவில்லை என்பது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். அதற்குப் பிறகு போன நாட்கள் எல்லாம் என் கணக்கு.

இந்தக் கடிதத்துக்குத் தனித்தாள் இல்லை. உன் அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் அடிக்க அடிக்கப் படிக்கிறாள். ஒரு இடத்தில்கூட எதையும் எடுக்கச் சொல்லவில்லை. கடைசியில் அவள் சார்பில் ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது படிக்கிற குரல் இல்லை, இட்டுக்கட்டுகிற குரலும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

சீக்கிரம் வா.

அப்பா